நீருக்குள் ஓர் ஊர்

மேட்டூர் அணைக்குப் போய் வராதவர் நம் கல்லூரியில் அரிது. காவிரியில் குளியல், அணைக்கட்டு முனியப்பனுக்குக் கோழி, பூங்காவில் சாப்பாடு, பிறகு சட்டியிலிருந்து சுடச்சுட எடுத்துத் தரும் மீன் வறுவல். ஆடிப் பதினெட்டன்று கேட்கவே வேண்டாம். கால் வைக்க இடமிராது. நானும் சிறுவயது முதல் இப்படித்தான் போய் வருகிறேன். எங்கள் ஆயா மட்டும் அங்கே மீனைத் தொடமாட்டார். "எங்கம்மா பொறந்த ஊரு அந்தத் தண்ணிக்குள்ளதான் கண்ணு இருக்குது" என்பார்.

சென்னை மாகாணமும் மைசூரும் 1924இல் காவிரி உடன்பாடு செய்துகொண்டன. அடுத்த ஆண்டே வேலை தொடங்கி, 1934இல் அணை முடிந்தது. அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்குச் சூட்டினார்கள். மூழ்கிய ஊர்க்காரர்கள் மேட்டுநிலம் தேடிப் போனார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டியும் அப்படிப் போனவர்தாம்.

இவ்வளவு நீரையும் அணை தன் எடையால்தான் தாங்குகிறது. நீர் எத்தனை மைல் பின்னால் பரந்து கிடந்தாலும் சுவரின்மேல் விழும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஆழமே. ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். ஆகையால் அடித்தளத்திலிருந்து 214 அடி எழும் சுவருக்குக் கீழே 171 அடி அகலம் கொடுத்திருக்கிறார்கள். பாடத்தில் இரண்டு வரியில் படித்த விதி இங்கே கல்லாக நிற்கிறது! நிரம்பினால் நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடி கன அடி. வழக்கமாக ஜூன் 12இல் மதகு திறந்தால் டெல்டாவில் குறுவை தொடங்கும்.

வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், தினமும் நீர்மட்டத்தைப் படித்துச் சொல்வது என் வேலை. ஏறத்தாழ 70 அடிக்குக் கீழே இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும். பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் அதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்படி ஒரு கோடையில் ஆயாவை அழைத்துப் போனேன். பரிசலில் வந்தவர்கள் நந்தியருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆயா கரையிலேயே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப எத்தனை அடி கண்ணு?"

சொன்னேன்.

"அப்படின்னா இன்னும் எறங்கோணும். எங்கம்மா வீடு கோயிலுக்குப் பள்ளத்துல இருந்துச்சாம்" என்றார்.