விளம்பரமும் வாசகனும்

இலக்கியச் சஞ்சிகை ஒன்றை நடத்த முன்வந்தவர் எவரும் ஓர் உண்மையை மிக விரைவில் அறிந்துகொள்கின்றார். சந்தாப் பணம் கடதாசி வாங்கவே போதாது; அச்சுக்கூலிக்கு வேறு வழி தேடியாகவேண்டும். அந்த வழி பெரும்பாலும் விளம்பரமாகவே அமைகின்றது. பின்னட்டையில் நகைமாளிகையோ புடைவைக்கடையோ இடம்பெறுவதை எந்த வாசகனும் குறைகூறுவதில்லை. ஆனால், பின்னட்டையோடு மனநிறைவு கொள்ளாத வணிகரும் உளர். "எங்கள் பொருளைப் பற்றி ஒரு கட்டுரையாகவே எழுதி உள்ளே போடுங்கள், கூடுதலாகப் பணம் தருகின்றோம்" என்பது அவர்கள் வேண்டுகோள். கடன் கழுத்தை நெரிக்கும் வேளையில் ஆசிரியர் இதற்கு என்ன விடை கூறுவது?

வேண்டவே வேண்டாம் என்று விலக்கிவிடுவது ஒரு நெறி. காந்தியடிகள் தென்னாபிரிக்காவில் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' 1903ஆம் ஆண்டு தொடங்கியபோது தமிழ்ப் பகுதியையும் கொண்டிருந்தது. அப்பத்திரிகை 1912இல் விளம்பரங்களை நிறுத்திற்று. பின்னர் இந்தியாவில் அவர் நடத்திய ஏடுகளிலும் விளம்பரத்திற்கு இடமளிக்கவில்லை. எனினும், அந்த நெறி எல்லார்க்கும் கைகூடுவதன்று. ஆதலின், விளம்பரப் பணத்தை ஏற்றுக்கொண்டே வாசகனின் மனம் நோகாது நடப்பது எவ்வாறு என்பதே நம்முன் உள்ள வினா. என் விடையை முதலிலேயே கூறிவிடுகின்றேன். வாசகன் வெறுப்பது விளம்பரத்தை அன்று, தான் ஏமாற்றப்படுவதையே.

சாள்ஸ் டிக்கன்ஸின் நாவல்களை நாம் இன்று முழு நூல்களாகப் படிக்கின்றோம். அவர் காலத்து வாசகரோ அவற்றுட் பலவற்றை மாதந்தோறும் வெளிவந்த மெல்லிய பகுதிகளாக வாங்கிப் படித்தனர். 'பிளீக் ஹவுஸ்' என்னும் நாவல் 1852 மார்ச் முதல் 1853 செப்ரெம்பர் வரை இவ்வாறு வெளிவந்தது. பகுதி ஒன்றின் விலை ஒரு சிலிங். கதைக்கு 32 பக்கங்கள். கதைக்கு வெளியே, 'பிளீக் ஹவுஸ் அட்வெர்டைசர்' என்னும் பெயருடன் விளம்பரத் தாள்கள் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. மோசஸ் அன்ட் சன் என்ற இலண்டன் உடை வணிகர், நாவலின் பெயரையே திருப்பிப் பிடித்து, 'அன்ரி பிளீக் ஹவுஸ்' என்னுந் தலைப்பில் தம் உடைகளைப் புகழ்ந்து விளம்பரஞ் செய்தனர். அதனைக் கண்ட வாசகன் புன்னகை புரிந்திருப்பானேயன்றி முகஞ் சுளித்திருக்கமாட்டான் என்றே நான் எண்ணுகின்றேன். உடை வணிகர் வாசலில் நின்று கூவினார், வீட்டுக்குள் நுழையவில்லை.

அவ்வாசலைக் கடந்த வணிகரும் உண்டு. 2001இல் ஆங்கில எழுத்தாளர் ஃபே வெல்டன், 'தி புல்காரி கனெக்சன்' என்ற நாவலை வெளியிட்டார். புல்காரி என்பது புகழ்பெற்ற இத்தாலிய நகை நிறுவனம். நாவலுக்குப் பணம் கொடுத்ததும் அதுவே. குறைந்தது பன்னிரண்டு தடவையேனும் அதன் பெயர் கதையில் வரவேண்டும் என்பது ஒப்பந்தம். விருந்தினருக்கு வழங்கும் தனிப்பதிப்பாக முதலில் எண்ணப்பட்ட நூல் பின்னர்ப் பொதுவிற்பனைக்கும் வந்தது. எழுத்துலகில் பெருஞ் சர்ச்சையும் எழுந்தது. தலைப்பிலேயே பெயர் இருக்கின்றதே, இதில் ஏமாற்றம் எங்கே என்று கேட்கலாம். கதையில் வரும் நகை கதைக்கு வேண்டியதா, ஒப்பந்தத்துக்கு வேண்டியதா என்ற ஐயம் வாசகன் மனத்தில் ஒருமுறை முளைத்துவிட்டால், நகை வராத பக்கங்களையும் அவ்வையம் பற்றிக்கொள்ளும். ஏமாற்றத்தின் வேர் அங்கே இருக்கின்றது.

கற்பனைக் கதையிலேயே இவ்வளவு என்றால், செய்தியிலும் கட்டுரையிலும் நேரும் தீங்கைக் கூறவேண்டுவதில்லை. பணம் பெற்றுச் செய்தி போலப் பிரசுரிக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு காலத்தில் மலிந்திருந்தது. 1912 ஓகஸ்ட் 24ஆந் திகதி நிறைவேறிய சட்டம் ஒன்று, சலுகைத் தபாற் கட்டணம் பெறும் ஏடுகள் பணம் பெற்று வெளியிடும் அத்தகைய எழுத்தின் மீது 'விளம்பரம்' என்ற சொல்லைத் தெளிவாகப் பொறிக்கவேண்டும் என விதித்தது. தவறுவோர்க்குத் தண்டம் 50 முதல் 500 டொலர் வரை. பத்திரிகைச் சுதந்திரத்திற்கு இது பங்கம் என்று வழக்காடப்பட்டது. ஆயினும், 1913இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது.

ஒரு சொல்லைப் பொறித்துவிட்டாற் போதுமா? போதாது என்பதற்கும் சான்றுண்டு. 1857இல் தோன்றிய பழம்பெரும் அமெரிக்கச் சஞ்சிகை 'தி அத்திலாந்திக்'. அது 2013 ஜனவரி 14ஆந் திகதி தன் இணையப் பதிப்பில் சயன்ரோலொஜி சபையின் வளர்ச்சியைப் போற்றும் கட்டுரை ஒன்றைப் பணம் பெற்று வெளியிட்டது. விளம்பரதாரர் தந்தது என்ற குறிப்பு அதன் தலையில் இருந்தது. ஆனால் தோற்றத்தில் அது ஏனைய கட்டுரைகளையே ஒத்திருந்தது. போதாக்குறைக்கு, அதன்கீழ் வாசகர் எழுதிய கருத்துகளை விளம்பரப் பகுதியினரே வடிகட்டினர். கண்டனம் பெருகவே, அன்றிரவே கட்டுரை அகற்றப்பட்டது. மறுநாள் சஞ்சிகை மன்னிப்புக் கோரியது.

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது வணிகரின் கணக்கு. அக்கணக்கில் குற்றமில்லை. நார் இன்றி மாலையும் இல்லை. நாரையே பூவென்று சொல்லி விற்கும்போதுதான் மாலை வாங்கியவன் சினங்கொள்கின்றான். ஆதலின், விளம்பரக் கட்டுரையை ஏற்கத் துணியும் ஆசிரியர் சில வரம்புகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும் என்பேன்.

பணம் பெற்ற எழுத்து என்பதை முடிவில் அன்று, முதல் வரிக்கு மேலேயே, ஐயத்துக்கு இடமின்றிக் கூறுக. அச்செழுத்தாலும் கட்டத்தாலும் அதனை வேறுபடுத்துக. பணம் இன்றியும் வாசகனுக்குப் பரிந்துரைக்க நாணாத பொருள்களையே ஏற்றுக்கொள்க. கல்வி ஏட்டில் நூலும் அகராதியும் பொருந்தும். ஒரே மாதத்தில் பரீட்சை வெற்றி தருவதாகக் கூறும் மாயங்கள் பொருந்தா. ஓர் இதழில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றிலும் முதன்மையானது, எஞ்சிய பக்கங்களில் விளம்பரதாரரின் நிழல் விழாதிருப்பது. விளம்பரந் தந்த பதிப்பகத்தின் நூலைக் குறைகூறும் விமர்சனம் வந்தால் அதனைத் திருத்தாது வெளியிடும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். கண்டித்து எழுதும் வாசகனின் கடிதத்தையும் மறைத்தலாகாது.

"இவ்வாறெல்லாம் வெளிப்படையாகச் செய்தால் எந்த வணிகர் பணம் தருவார்?" என்று கேட்போர் உளர். சிலர் தரமாட்டார்கள் என்பது உண்மையே. அவர்கள் வாங்க வந்தது நமது பக்கத்தை அன்று, நமது வாசகனின் நம்பிக்கையை. பக்கத்தை இம்மாதமும் விற்கலாம், அடுத்த மாதமும் விற்கலாம். நம்பிக்கையை ஒருமுறைதான் விற்கமுடியும். அதன்பின் அந்தச் சஞ்சிகையின் பக்கங்களை விலைகொடுத்து வாங்க வணிகரும் வாரார். படிக்க வாசகனும் வாரான்.