குகைக்குள் நகரும் புள்ளி



காந்திபுரத்திலிருந்து பாலக்காடு வழியாகத் திருச்சூர் சென்றிருக்கிறீர்களா? வழியில் குதிரான் மலையைக் குடைந்து அமைத்த இரட்டைச் சுரங்கப்பாதை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுடையது. முதற்பாதை 2021 ஜூலை 31 அன்று திறக்கப்பட்டது. அதனுள் நுழைந்ததும் செல்பேசியின் வரைபடத்தைக் கவனியுங்கள். (வண்டி ஓட்டுபவருக்கு இதைச் சொல்லவில்லை!)

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுள் நான்கின் அலைகளேனும் எட்டினால்தான் கருவி தன் இருப்பிடத்தைச் சரியாக அறியும். மலைப்பாறையை அந்த மெல்லிய அலைகள் துளைக்கமாட்டா. ஆயினும் திரையில் நீலப்புள்ளி நகர்ந்துகொண்டேயிருக்கும். எவ்வாறு?

கருவி கணக்கிடுகிறது. கடைசியாக அறிந்த இடம், வேகம், திசை, கழிந்த நேரம் ஆகியவையே அதன் கைம்முதல். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமெனில் வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். வண்டி திரும்புவதைக் கைரோஸ்கோப் என்னும் நுண்கருவி உணர்த்தும். காருடன் இணைந்த கருவியாயின் சக்கரம் சுழல்வதையும் எண்ணிக்கொள்ளும்.

நம் மரக்காயர்கள் கடலோடிய காலத்தில் இது புதுமையன்று. அரபு மாலுமிகள் மூன்று மணி நேரப் பாய்மர ஓட்டத்தை ஒரு 'ஸாம்' என்று அளந்தனர். மேகம் மூடிய இரவில் அக்கணக்கே துணை. விண்மீன் தென்பட்டதும் பிழையைத் திருத்திக்கொள்வர். செயற்கைக்கோளே இன்றைய விண்மீன்.

திருத்தம் கிட்டும்வரை பிழை வளரும். வேகக் கணிப்பில் நூற்றுக்கு ஐந்து தவறினால், ஒரு கிலோமீட்டர் கடப்பதற்குள் 50 மீட்டர் பிசகும். மத்ரஸாவில் யகீன் வேறு, ழன்னு வேறு என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்கிறோம். உறுதியாய் அறிந்ததையும் ஊகித்ததையும் இந்தக் கருவியோ பெரும்பாலும் ஒரே புள்ளியாகவே காட்டுகிறது!

இதற்குச் சுரங்கம்தான் வேண்டுமென்பதில்லை. காந்திபுரம் மேம்பாலத்தின் அடியிலும் வானம் பாதி மறைந்துவிடும். பாலத்தின் மேலே செல்லும் வண்டிக்கும் கீழே செல்லும் வண்டிக்கும் வரைபடத்தில் இடம் ஒன்றே. உயரத்தைக் கணிப்பதில் கருவி மேலும் தடுமாறும். பிரசவ வலியுற்ற சகோதரி ஒருவரை ஏற்றிக்கொண்டு நாங்கள் விரைந்த இரவில், கீழே செல்லவேண்டிய வண்டி பாலத்தின் மீது ஏறிவிட்டது. செல்பேசியோ சரியான வழியில் செல்வதாகவே காட்டியது. இறங்கியதும் ஓட்டுநர் அதை அணைத்துவிட்டுத் தேநீர்க் கடைக்காரரிடம் வழி கேட்டார். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம்.