நகத்தையும் காட்டுங்கள்

நிக்டி பிராதிகரணில் நாங்கள் குடியேறி 22 வருடங்கள் ஆகின்றன. இத்தனை வருடத்தில் என்னை அரைக்கைச் சட்டையில் பார்த்தவர்கள் நம் சங்கத்தில் இருக்க மாட்டார்கள். காரணத்தை இப்போது சொல்லி விடுகிறேன். என் முழங்கைகளில் சோரியாசிஸ், அதாவது செதில் செதிலாக உரியும் படை. தொற்றுநோய் என்று நினைத்து விடுவார்களோ என்று பயம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயம் வேறு.

சென்ற வருடம் காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாமல் போயிற்று. பால் பாக்கெட்டைப் பிரிக்கக்கூட ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நடுவிரல் முழுவதும் வீங்கிக் கிடந்தது. டாக்டர் ஒருவரிடம் விரலைக் காட்டினேன், முழங்கையைக் காட்டவில்லை. ரத்தத்தில் ருமடாய்டு காரணி இல்லை என்று வந்தது. வலி மாத்திரையிலேயே எட்டு மாதம் ஓடியது.

பிறகு புனேயில் ஒரு மூட்டுவாத நிபுணரிடம் போனோம். அவர் முதலில் நகங்களைப் பார்த்தார். தையற்காரரின் அங்குஸ்தான் போலக் குழி குழியாக இருந்தன. "தோலில் ஏதாவது உண்டா?" என்று ஹிந்தியில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "டாக்டர்கிட்டே என்னங்க வெட்கம்?" என்று மனைவி என் சட்டைக் கையை மடித்து விட்டாள்.

"இது சோரியாடிக் ஆர்த்ரைடிஸ்" என்றார் டாக்டர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலையும் மூட்டையும் தாக்குகிறதாம். பெரும்பாலும் தோலில் முதலில் வந்து, பல வருடம் கழித்து மூட்டுக்கு வருமாம். இங்கிலாந்தில் மோல், ரைட் என்ற இரு டாக்டர்கள் 1973-லேயே இதை ஐந்து வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ருமடாய்டு காரணி இதில் பெரும்பாலும் இராது. முக்கியமாக, இது யாருக்கும் தொற்றாது.

மெதோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தார். "வாரம் ஒரே நாள்தான். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து" என்று இரண்டு முறை சொன்னார். மது கூடாது, கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை வேண்டும். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். வீட்டுக் காலநிர்ணய் காலண்டரில் புதன்கிழமைகளைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறோம்.

இப்போது பால் பாக்கெட்டை நானே பிரிக்கிறேன். நடுவிரல் மட்டும் முழுவதும் நிமிரவில்லை. எட்டு மாதம் மறைத்ததற்கு அது விலை.

சோரியாசிஸ் உள்ள அன்பர்களே, மூட்டு வலி என்று போகும்போது தோல், தலை, நகம் மூன்றையும் காட்டுங்கள். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். பொங்கல் விழாவுக்கு அரைக்கைச் சட்டையில் வருகிறேன். கைகுலுக்கத் தயங்க வேண்டாம்.