ரௌட்டர் இல்லாமலே ஆபீசுக்குக் கம்பியில்லா இணைப்பு

மும்பை மஸ்ஜித் பந்தர் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். அகலம் பத்தடி, நீளம் பதினைந்தடி. கீழே இரண்டு மேஜை. ஏணியில் ஏறினால் பரண் போன்ற மேல்தட்டில் இன்னும் இரண்டு. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குமாஸ்தாக்கள் மூவரும் தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் தினமும் ரயிலேறி வருகிறவர்கள்.

மாலை ஏழு மணி. சரக்கேற்றிய லாரி தெருமுனையில் நிற்கிறது. மாநிலம் தாண்டிப் போகும் சரக்கு. மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல். 2018 ஏப்ரலிலிருந்து இப்படிப்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயம். அதில் லாரியின் நம்பரைப் பதிந்தாக வேண்டும். பதியாமல் வண்டி நகர்ந்தால் வழியில் பிடித்து நிறுத்தி அபராதம் போடுவார்கள். மேல்தட்டுக் குமாஸ்தாவின் கம்ப்யூட்டரிலோ அந்தப் பக்கம் திறக்க மறுக்கிறது.

"என்ன தம்பி, இன்னும் வரலையா?"

"டேட்டா தீந்து போச்சு அண்ணாச்சி. என் போன்லேருந்துதானே ஓடுது!"

"கீழதான் கேபிள்காரன் கனெக்ஷன் இருக்கே?"

"அது உங்க கம்ப்யூட்டருக்கு மட்டுந்தான் அண்ணாச்சி. மேல வயர் இழுக்கச் சேட் விடமாட்டேங்காரு."

சேட் என்றால் கட்டிடத்துச் சொந்தக்காரர். பழைய கட்டிடங்களில் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அவர் அனுமதி வேண்டும். எனவே பல சிறு ஆபீஸ்களில் இதுதான் நிலைமை. பணம் கட்டி வாங்கிய இணைப்பு ஒரே கம்ப்யூட்டரோடு நின்று விடுகிறது. மற்றவர்கள் தங்கள் சொந்தப் போனின் டேட்டாவைச் செலவழித்து ஆபீஸ் வேலையை முடிக்கிறார்கள். இரவு ஊருக்குப் போன் போட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்க்கலாமென்றால், அன்றைய டேட்டாவை லாரி ரசீதும் ஜி.எஸ்.டி. கணக்கும் தின்று தீர்த்திருக்கும். சம்பளத்தில் இதற்கென்று ஒரு பைசா கூடுவதில்லை.

இதற்குப் பரிகாரம் அந்த ஆபீசுக்குள்ளேயே இருக்கிறது. முதலாளியின் கம்ப்யூட்டரையே ரௌட்டராக மாற்றி விடலாம்.

ரௌட்டர் என்பது மாயப் பெட்டியல்ல. பெரிய ஆபீஸ்களில் உள்ள தபால் குமாஸ்தாவின் வேலையைத்தான் அது செய்கிறது. ஒவ்வொரு மேஜையிலிருந்தும் வரும் கடிதத்தை அவர் வாங்கி, ஆபீசின் ஒரே முத்திரையைக் குத்தி வெளியே அனுப்புவார்; எந்தக் கடிதம் எந்த மேஜையினுடையது என்று பதிவேட்டில் குறித்துக் கொள்வார். பதில் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரிய மேஜையில் சேர்ப்பார். வெளியுலகத்துக்குத் தெரிவது ஆபீசின் ஒரு விலாசம் மட்டுமே. உள்ளே எத்தனை மேஜை என்பது அதற்கு வேண்டாத விஷயம். புதிதாக வருகிறவருக்கு மேஜை நம்பர் கொடுப்பதும் அவரே. இவ்வளவையும் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரே செய்யும். விண்டோஸில் 1999-ல் வந்த 98 இரண்டாம் பதிப்பிலேயே இணைப்பைப் பகிரும் வசதி இருந்தது. அக்காலத்தில் டெலிபோன் வழி வந்த இணைப்பைக் கம்பி மூலம் பகிர்ந்தார்கள். இப்போது காற்று வழியாகப் பகிர்கிறார்கள், அவ்வளவே.

செய்யும் விதம்

முதலில் ஒரு விஷயத்தைப் பார்த்துக் கொள்வது நல்லது. கண்ணாடி இழை இணைப்பு வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனிக்காரர் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியிலேயே பெரும்பாலும் கம்பியில்லா வசதி இருக்கும். அதன் அடியில் ஒட்டிய சீட்டில் பெயரும் பாஸ்வேர்டும் அச்சிட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் கீழே சொல்வது எதுவும் வேண்டியதில்லை. மாடியிலிருந்து தொங்கி வரும் கேபிள் நேரே கம்ப்யூட்டரில் செருகியிருந்தால்தான் இந்த வழி.

அந்தக் கம்ப்யூட்டரில் வைஃபை இருக்க வேண்டும். லேப்டாப்பில் உண்டு. மேஜைக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸுக்குள் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்று இருக்கும். எந்த இணைப்பைப் பகிர்வது என்ற இடத்தில் ஈதர்நெட்டையும், எந்த வழியாகப் பகிர்வது என்ற இடத்தில் வைஃபையையும் காட்ட வேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஸ்விட்சைப் போட்டால் ஆயிற்று. எட்டுக் கருவிகள் வரை சேரலாம். நான்கு மேஜை ஆபீசுக்கு அது தாராளம்.

அலைவரிசை கேட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வைப்பது உத்தமம். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகந்தான். ஆனால் சுவர் தாண்டினால் பலம் குறையும். மலிவான பிரின்டர்கள் பல அதை ஏற்பதுமில்லை.

பகிரும் கம்ப்யூட்டரின் உள்விலாசம் வழக்கமாக 192.168.137.1. மேல்தட்டுக் கம்ப்யூட்டரில், கோப்புறை திறக்கும் ஜன்னலின் விலாசக் கட்டத்தில் இரண்டு பின்சாய்ந்த கோடு போட்டு இந்த எண்ணை அடித்தால், கீழே பகிர்ந்து வைத்த கோப்புகள் தெரியும். தெரியாவிட்டால் விண்டோஸ் இந்த இணைப்பைப் 'பப்ளிக்' என்று எடுத்துக் கொண்டிருக்கும். 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும். பென் டிரைவை வாயில் கவ்விக்கொண்டு ஏணி ஏறியிறங்கும் வேலை இதோடு தீர்ந்தது. கோப்புகள் இப்படி மேஜைக்கு மேஜை போவதில் டேட்டாச் செலவு ஏதும் கிடையாது.

இடம் பார்த்து வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அடாப்டரைத் தரையில் கிடக்கும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகி, பக்கத்தில் இரும்பு பீரோவையும் நிறுத்திவிட்டு, "சிக்னலே வரவில்லை" என்பார்கள். இரும்பு இந்த அலைகளை மறிக்கும். ஒரு முழம் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, அடாப்டரை ஏணியின் மேல்படிக்கருகே கட்டித் தொங்க விட்டால் மேல்தட்டுக்கும் கீழுக்கும் பொதுவாக இருக்கும். நீல நிறத் துளையைவிடக் கறுப்புத் துளை மேல். நீலத் துளையில் வேலை நடக்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கலப்பதுண்டு.

கேபிளே இல்லாத இடத்தில்

போன்தான் கதி என்றிருக்கும் ஆபீஸ்களும் உண்டு. அங்கே ஆபீஸ் செலவில் தனி சிம் ஒன்று வாங்கி, பழைய போன் ஒன்றில் போட்டு வைக்கச் சொல்லலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. மாதச் செலவு, ஒரு லாரி ஓர் இரவு வீணாக நிற்கும் நஷ்டத்துக்குக் காணாது. போனை யு.எஸ்.பி. வயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, 'யு.எஸ்.பி. டெதரிங்' போட்டு, அக்கம்ப்யூட்டரிலிருந்து மேற்சொன்னபடி பகிர்ந்தால் போனின் பேட்டரி இறங்காது. சூடும் அவ்வளவாக ஏறாது. எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்து வைப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக் கொள்ளும் வேலையிலேயே ஒரு நாள் டேட்டாவைக் காலை பதினொரு மணிக்குள் முடித்து விடும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் அலட்சியம் கூடாது. இதற்கு மும்பைக்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிஷங்கள் முன்பு பத்திரிகை, டி.வி. ஆபீஸ்களுக்கு மிரட்டல் ஈ-மெயில் வந்தது. போலீசார் தேடிப் போய் நின்ற இடம் நவி மும்பையில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் வீடு. காப்பில்லாத அவருடைய வைஃபையை யாரோ வெளியிலிருந்து உபயோகித்திருந்தார்கள். அவருக்குப் பங்கில்லை, ஆனாலும் விசாரணைக்கு ஆளாக வேண்டி வந்தது. தபால் குமாஸ்தா உதாரணத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். உள்ளே எந்த மேஜையிலிருந்து போனாலும், வெளியே தெரிவது இணைப்பு வாங்கியவரின் விலாசந்தானே!

ஆகவே காப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 என்பதையே வைக்க வேண்டும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறை 2001-லேயே உடைபட்டுப் போனது. பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது. பன்னிரண்டுக்கு மேலிருந்தால் நல்லது. கம்பெனிப் பெயர், போர்டில் எழுதிய போன் நம்பர், லாரி நம்பர் இவையெல்லாம் தெருவில் போகிறவனும் ஊகிக்கக் கூடியவை. வேலையை விட்டு ஒருவர் போனால் மறுநாளே மாற்றி விட வேண்டும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பக்கத்துக் கடைக்காரர் "கொஞ்சம் பாஸ்வேர்டு கொடு பாயி" என்று கட்டிங் சாயோடு வந்தால், சாயை வாங்கிக் கொண்டு பேச்சை மாற்றுவதே வழி.

ஆபீஸ் நிரந்தரமானது, வேலையும் பெருகுகிறது என்றால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் போட்டு ஒரு ரௌட்டரே வாங்கிவிடலாம். அது இரவும் பகலும் தானாக ஓடும், கம்ப்யூட்டர் அப்படியல்ல. அது தூங்கினால் எல்லாருடைய இணைப்பும் தூங்கிவிடும். பவர் செட்டிங்கில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்க வேண்டும். கருவி எதுவும் சேராதபோது ஹாட்ஸ்பாட் தானே அணையும் ஏற்பாட்டையும் நிறுத்த வேண்டும். கரண்ட் போய் வந்தால் ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் தானாக எழாது. யாராவது கை வைத்துப் போட வேண்டும்.

மஸ்ஜித் பந்தர் ஆபீசில் இப்போது அந்தப் பொறுப்பு மேல்தட்டுக் குமாஸ்தாவுடையது. காலையில் வந்ததும் அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவிட்டுத்தான் ஏணி ஏறுகிறார். பெருக்க வருகிற பையன் பிளக்கைப் பிடுங்கி விளக்குமாற்றுக்கு வழி பண்ணும் வழக்கமும் இருந்தது. அதனால் ஸ்விட்ச் போர்டின்மேல் தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் 'அணைக்காதே' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது.