மீன்வள அறிவியல் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கான குறுகிய காலப் படிப்புத் திட்டம்

மீன்வள அறிவியலில் இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் பிற மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்திலும் முதுநிலைப் படிப்பில் சேர, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதுகின்றனர். இதனைத் தேசிய தேர்வு முகமை நடத்துகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன் போன்ற மீனவ ஊர்களில் இருந்து எழுதுபவர்களுக்கு, கல்லூரிப் பணிகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் இடையே சில வாரங்களே படிக்கக் கிடைக்கும். அத்தகைய ஆறு வாரக் காலத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

தேர்வின் அமைப்பு

அண்மை ஆண்டுகளில் இத்தேர்வு 120 நிமிடங்களில் 120 வினாக்களுக்கு விடையளிக்கும் கணினிவழித் தேர்வாக நடந்துள்ளது. சரியான விடைக்கு 4 மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். மொத்த மதிப்பெண் 480. ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒரு நிமிடமே கிடைப்பதால், ஒரு பாடத்தை ஆழ்ந்து படிப்பதைவிட எல்லாப் பாடங்களின் அடிப்படைகளையும் விரைவாக நினைவுகூரப் பழகுவதே முதன்மையானது. குறுகிய காலத் திட்டம் இந்தக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

தடைக்காலமும் தேர்வுக் காலமும்

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் ஆகும். இத்தேர்வு 2024-இல் ஜூன் 29 அன்றும், 2025-இல் ஜூலை 3 அன்றும் நடந்தது. எனவே தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களில் முதல் நான்கு வாரங்கள் ஏறத்தாழத் தடைக்காலத்திலும், கடைசி இரண்டு வாரங்கள் படகுகள் மீண்டும் கடலுக்குச் செல்லும் காலத்திலும் அமைகின்றன. தடைக்காலத்தில் படகுப் பழுதுபார்ப்பும் வலை வேலையும் இருந்தாலும் அவற்றுக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ள முடியும். படகுகள் இறங்கியபின் ஏலம், விற்பனை எனக் கரை பரபரப்பாகிவிடும். ஆகவே புதிய பாடங்களை முதல் நான்கு வாரங்களில் முடித்துவிடுவது நல்லது. நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கு இத்தடை பொருந்தாது என்பதால், அவர்கள் கடலுக்குச் செல்லும் நேரத்தைப் பொறுத்து அட்டவணையை மாற்றிக்கொள்ளலாம்.

ஆறு வார அட்டவணை

நாள் ஒன்றுக்கு 4 மணி நேரம், வாரத்தில் 6 நாள்கள் எனக் கொண்டால் மொத்தம் 144 மணி நேரம் கிடைக்கும். ஏழாவது நாள் விடுபட்ட பாடத்துக்கு உரியது.

முதல் வாரம்: மீன்வள மேலாண்மை, மீன்பிடித் தொழில்நுட்பம். முதல் நாளிலேயே பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதி, பலவீனமான பகுதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வாரம்: நீர்வாழ் உயிரின வளர்ப்பு, மீன் தீவனம், நோய் மேலாண்மை.

மூன்றாம் வாரம்: மீன் பதப்படுத்தல், நுண்ணுயிரியல், தரக் கட்டுப்பாடு.

நான்காம் வாரம்: நீர்ச்சூழலியல், மரபியல், உயிரித் தொழில்நுட்பம், மீன்வளப் பொருளியல், விரிவாக்கம், புள்ளியியல்.

ஐந்தாம் வாரம்: ஒருநாள் விட்டு ஒருநாள் மாதிரித் தேர்வு. தேர்வு எழுதும் 2 மணி நேரத்துக்குப் பிறகு, மீதி 2 மணி நேரமும் தவறுகளை ஆராய்வதற்கு உரியது. இடைப்பட்ட நாள்களில் அத்தவறுகள் காட்டிய பகுதிகளை மட்டும் திரும்பப் படிக்க வேண்டும்.

ஆறாம் வாரம்: சுருக்கக் குறிப்புகள், அறிவியல் பெயர்கள், ஆண்டுகள், சூத்திரங்கள். புதிய நூல் எதையும் இவ்வாரத்தில் தொடங்கக் கூடாது.

வட்டார அறிவைப் பயன்படுத்துதல்

பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. இக்கரையில் வளர்ந்தவருக்கு மீன்களும் வலைகளும் பழக்கமானவை. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். உயிரினங்கள் அறிவியல் பெயராலேயே பெரும்பாலும் குறிக்கப்படும். கடல் விரால் என்பது ரேகிசென்ட்ரான் கனடம் என்றும், வெள்ளைக் கடல் அட்டை என்பது ஹோலோதூரியா ஸ்காப்ரா என்றும் வரும். ஊர்ப் பெயர், ஆங்கிலப் பெயர், அறிவியல் பெயர் என மூன்று பத்திகளில் நாள்தோறும் பத்து உயிரினங்களை எழுதிவந்தால், நான்கு வாரங்களில் 240 பெயர்கள் சேரும்.

அருகிலுள்ள நிகழ்வுகளும் பாடத்தை நினைவில் நிறுத்த உதவும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை மண்டபம் முகாமில் இருந்தது. கடல் விரால் குஞ்சு உற்பத்தியில் இந்தியாவின் முதல் வெற்றி 2010-இல் மண்டபத்தில் கிடைத்தது. கடல் அட்டை பிடிப்பதற்கு 2001 முதல் தடை உள்ளது.

ஊகித்து விடையளித்தல்

நான்கு விடைகளில் ஒன்றை முற்றிலும் ஊகித்துத் தேர்ந்தால், சராசரிப் பயன் வினாவுக்கு 0.25 மதிப்பெண் மட்டுமே. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் அது 1.5 ஆக உயரும். எனவே இரண்டு விடைகளுக்கு இடையே தயக்கம் உள்ள வினாவை விட்டுவிடுவது இழப்பாகும். ஒன்றுமே தெரியாத வினாவில் நேரம் செலவிடுவதும் இழப்பே. மாதிரித் தேர்வுகளில் ஊகித்த விடைகளைத் தனியே குறித்து, எத்தனை சரியாயின என்று எண்ணிப் பார்த்தால் தன் ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும்.

தேர்வுக்கு முந்தைய நாள்கள்

தேர்வு நகரம் நுழைவுச் சீட்டில் குறிக்கப்படும். பாம்பனிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை ஒதுக்கப்பட்டு, தேர்வும் காலையில் இருந்தால், முந்தைய நாளே சென்று தங்குவது பாதுகாப்பானது. அப்பயண நாளையும் ஆறாம் வாரத்தின் கணக்கில் முன்னதாகவே சேர்த்துவிட வேண்டும். தேர்வு முறையும் தேதியும் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், திட்டமிடும் முன் அவ்வாண்டுக்கான தகவல் கையேட்டைப் படிப்பது அவசியம்.