ஹீமோகுளோபினுக்குக் கீழே இருக்கும் வரி

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் முதல் வரிக்குத்தான் போகும். ஹீமோகுளோபின் 10.4 என்றிருந்தால் ‘ரத்தம் கம்மி’ என்று முடிவுகட்டிவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். அன்றிலிருந்து பேரீச்சம்பழம், பீட்ரூட் ஜூஸ், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டானிக். அதே தாளில் நாலைந்து வரி தள்ளி எம்.சி.வி. என்றொரு எண் இருக்கிறது. அதை யாரும் சீண்டுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று வழிகாட்டுவது பெரும்பாலும் அந்த எண்தான்.

எம்.சி.வி. என்பது சிவப்பணுக்களின் சராசரிப் பருமன். பெரியவர்களுக்கு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. ஹீமோகுளோபினும் குறைந்து, இதுவும் 80-க்குக் கீழே போனால் அது ‘மைக்ரோசைட்டிக் அனீமியா’, அதாவது சிற்றணுச் சோகை. நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் சோகை இதுதான். 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்குச் சோகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு விரல்நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் ஹீமோகுளோபினை மட்டும் அளந்தது. சோகை எந்த வகை என்பது அதில் தெரியாது.

அணு ஏன் சிறுக்கிறது? எலும்பு மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணு, தனக்குள் போதிய ஹீமோகுளோபின் சேரும்வரை பிரிந்துகொண்டே போகிறது. சரக்கு சேராவிட்டால் கூடுதலாக ஒருமுறை பிரிந்துவிடும். அணு அளவில் சிறியதாக, நிறம் வெளிறியதாக வெளியே வரும். ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும், அந்த இரும்பைத் தாங்கும் போர்ஃபைரின் வளையம் வேண்டும், குளோபின் என்ற புரதச் சங்கிலி வேண்டும். மூன்றில் எது தடைப்பட்டாலும் விளைவு ஒன்றுதான்.

அடிக்கடி தடைப்படுவது இரும்பு. உடம்பில் மொத்தமே மூன்று நான்கு கிராம்தான் இருக்கும். மஜ்ஜைக்குத் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் தேவை. ஏறக்குறைய முழுவதும் பழைய அணுக்களை உடைத்து எடுத்ததே திரும்ப வருகிறது. குடல் புதிதாக உறிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். ஒரு மில்லி ரத்தம் போனால் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதவிடாயில் 80 மில்லி போகும் பெண்ணுக்கு 40 மில்லிகிராம் நஷ்டம். அதைச் சாப்பாட்டிலிருந்து மீட்க வாரக்கணக்கில் ஆகும்; அதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும். அடுத்தடுத்த பிரசவம், செருப்பில்லாத காலில் ஏறும் கொக்கிப்புழு, மூட்டுவலிக்கு வருஷக்கணக்கில் விழுங்கும் மாத்திரையால் வந்த வயிற்றுப்புண் ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்து குறைந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ரத்தம் எங்கே கசிகிறது என்பது. குடல் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் முதல் அடையாளத்தைக் காட்டும். எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி செய்யச் சொன்னால், ‘சோகைக்கு எதுக்குக் குழாய் விடணும்’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

இரும்புக் குறைவுக்கு ஒரு விநோதமான அறிகுறி உண்டு. பச்சரிசியை மெல்லுவது, சிலேட்டுக்குச்சி, விபூதி, மண், ஐஸ்கட்டி என்று கண்டதையும் தின்னத் தோன்றுவது. கர்ப்பிணிகள் சாம்பலைத் தேடினால் மசக்கை என்று சிரித்துவிட்டுப் போவார்கள். பிள்ளை சிலேட்டுக்குச்சி தின்றால் அடிப்பார்கள். இரண்டு பேரையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போவதுதான் சரி.

இனி, சிக்கலான இடம். உதாரணத்துக்கு இரண்டு பெண்களின் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருவருக்கும் ஹீமோகுளோபின் 10.4. ஒருத்திக்கு எம்.சி.வி. 73, சிவப்பணு எண்ணிக்கை 45 லட்சம். மற்றவளுக்கு எம்.சி.வி. 61, எண்ணிக்கை 56 லட்சம். இரண்டாவது பெண்ணின் அணுக்கள் மிகச் சிறியவை. ஆனால் எண்ணிக்கையில் குறைவே இல்லை. 1973-ல் வில்லியம் மென்ட்சர் என்ற மருத்துவர் இதற்கு ஓர் எளிய வகுத்தல் கணக்கைச் சொன்னார். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து லட்சங்களில்) வகுக்க வேண்டும். முதல் பெண்ணுக்கு 73-ஐ 4.5-ஆல் வகுத்தால் 16 வருகிறது. 13-க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவு என்று சந்தேகிக்கலாம். இரண்டாமவளுக்கு 61-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11-க்குச் சற்றுக் குறைவு. இது தலசீமியா, அதாவது அந்தக் குளோபின் சங்கிலி சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறு, அதன் மரபணுவைச் சுமப்பவர்களிடம் வழக்கமாகக் காணும் எண். இந்தக் கணக்கு சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்புக்கு வேறு சோதனைகள் உண்டு. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். 15-க்குக் கீழே போனால் குறைவு உறுதி, பல மருத்துவர்கள் 30-க்குக் கீழேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். பீட்டா தலசீமியா சுமப்பவரா என்று காட்டுவது ஹெச்.பி.எல்.சி. சோதனை, அதில் ஹீமோகுளோபின் ஏ2 பொதுவாக 3.5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இருந்தால் இரும்புக் குறைவு அந்த ஏ2 அளவை இறக்கிக் காட்டி ஏமாற்றும். ஆகவே இரும்பைச் சரிசெய்தபின் மறுபடி பார்ப்பார்கள். ஆல்ஃபா தலசீமியா இந்தச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது, மரபணுச் சோதனை வேண்டும்.

ஃபெரிட்டினுக்கும் ஒரு குறை உண்டு. உடம்பில் அழற்சி இருந்தால் அது தானாக ஏறிவிடும். காசநோய், முடக்குவாதம், சிறுநீரக நோய் போன்றவை நெடுநாள் இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. கிடங்கு நிறைய அரிசி இருந்தும் ரேஷன் கடை பூட்டிக் கிடப்பதுபோல, ஹெப்சிடின் தடுப்பதால் இரும்பு உள்ளே இருந்தும் மஜ்ஜைக்குப் போய்ச்சேராது. அங்கே மாத்திரை பெரிதாக உதவாது, அடிப்படை நோயை அடக்க வேண்டும்.

போர்ஃபைரின் வளையம் கெடுவது அபூர்வம். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறைகளில் காரீயத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்கும் அங்கே விளையாடும் குழந்தைகளுக்கும் வரலாம். காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட், பி6 வைட்டமினைக் குறைத்து இதே வேலையைச் செய்யக்கூடும். பி6 குறையாமலிருக்கத்தான் அதோடு பி6 மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள்.

இரும்புக் குறைவு உறுதியானால் மாத்திரைதான் முதல் மருந்து. சாப்பாடு தனியாகப் போதாது. பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, குடல் அதில் சொற்பத்தையே எடுத்துக்கொள்ளும். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சுவரொட்டி சுட்டுக்கொடுத்த பாட்டிகள் விஷயம் தெரிந்தவர்கள்: ஆட்டு மண்ணீரல், ஈரலில் உள்ள இரும்பு எளிதாகச் சேரும்.

மாத்திரையை வெறும் வயிற்றில், முடிந்தால் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். காபி, டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். குமட்டலும் மலச்சிக்கலும் தாங்காமல் பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஒரு வேளை மாத்திரை போட்டாலே ஹெப்சிடின் ஒருநாள்வரை ஏறி நின்று அடுத்த மாத்திரையைத் தடுக்கிறது என்று கண்டபின், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் பழக்கமும் வந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்குத் தினமும்தான். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் நோயறிதலே தப்பாக இருக்கலாம். அளவு சரியானபின்னும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். சிவப்பு மாத்திரையை மிட்டாய் என்று சின்னக் குழந்தை அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பிரசவம் நெருங்கிவிட்டவர்களுக்கும் ஊசிவழி இரும்பு உண்டு. ‘ஒரு பாட்டில் ரத்தம் ஏத்துங்க’ என்று வற்புறுத்தும் உறவினர்கள் கவனிக்க: ஒரு யூனிட் ரத்தம் ஹீமோகுளோபினை ஏறத்தாழ ஒரு கிராம்தான் ஏற்றும்.

இரண்டாவது ரிப்போர்ட்டுக்குரிய பெண்ணுக்கு, ஃபெரிட்டின் இயல்பாக இருந்தால், சிகிச்சையே தேவையில்லை. காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு விழுங்கினால் அது ஈரலில் தேங்கலாம். அவளுக்குத் தேவை ஒரே ஒரு தகவல். கணவரும் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தை கடும் தலசீமியாவோடு பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறக்கும் குழந்தையைச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியும், அதனால் சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்றியும், இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்றியும்தான் வளர்க்க முடியும். ஆகவே கர்ப்பம் உறுதியானவுடன், கல்யாணத்துக்கு முன்பே என்றால் இன்னும் நல்லது, கணவருக்கும் அந்த ஹெச்.பி.எல்.சி. சோதனையைச் செய்துவிட வேண்டும். இருவரும் சுமப்பவர்கள் என்று தெரிந்தால் பத்து, பன்னிரண்டு வாரத்திலேயே கருவைச் சோதிக்க முடியும்.