மை இருந்தும் நிற்கும் பிரிண்டர்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர். சுற்றிலும் மானாவாரிக் காடுகள். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கினால் இந்த வட்டாரத்து ஜெராக்ஸ் கடைகளில் சிட்டா, அடங்கல், ஆதார் நகலுக்குக் கூட்டம் நெரியும். அந்த நேரம் பார்த்து 'மை தீர்ந்தது' என்று பிரிண்டர் நின்றால், வரிசையில் நிற்கிற சம்சாரிக்கு ஒரு நாள் வேலை போச்சு.

மை நிஜமாகவே தீர்ந்ததா? பல மை கேட்ரிட்ஜ்களில் மையை யாரும் அளப்பதே இல்லை. எத்தனை துளி தெளித்தோம், அச்சுத் தலையைச் சுத்தம் செய்ய எவ்வளவு செலவானது என்று பிரிண்டர் கணக்கு வைக்கிறது. அதைக் கேட்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு சிப்பில் எழுதுகிறது. கரண்ட் போனாலும் அந்தக் கணக்கு அழியாது; கேட்ரிட்ஜைக் கழற்றி அதே ரகத்து வேறு பிரிண்டரில் மாட்டினாலும் கூடவே போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊசியால் மையை ரீஃபில் செய்தால் கேட்ரிட்ஜ் நிறையும், சிப்பில் உள்ள எண் ஏறாது. சில பிரிண்டர்கள் எச்சரித்துவிட்டு ஓடும். சில ஒரேயடியாக மறுத்துவிடும். அதனால்தான் சிப்பின் எண்ணைத் திருப்பி வைக்கும் ரீசெட்டரும் மாற்றுச் சிப்பும் விற்கின்றன.

இதுபோன்ற சிப்புக்காகப் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. பிரிண்டர் நிறுவனமான லெக்ஸ்மார்க்கின் லேசர் பிரிண்டர்களில் டோனர் என்ற மைத்தூளின் அளவைக் கணக்கிட்ட நிரல்கள் இரண்டு. ஒன்று 37 பைட், இன்னொன்று 55 பைட். இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியம்கூட அவற்றில் அடங்காது. அவற்றை நகலெடுத்து மாற்றுச் சிப் செய்த ஸ்டாடிக் கன்ட்ரோல் நிறுவனத்தின் மீது 2002-ல் அமெரிக்காவில் பதிப்புரிமை வழக்குப் போட்டது லெக்ஸ்மார்க். கீழ்க்கோர்ட் தடை விதித்தது. 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. லெக்ஸ்மார்க்குக்கு இன்னொரு நிறுவனத்தோடு நடந்த வழக்கில், விற்றுவிட்ட கேட்ரிட்ஜின் மீது காப்புரிமை கொண்டாட முடியாது என்று 2017-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

2022 தொடக்கத்தில், சிப் தட்டுப்பாட்டால், இன்னொரு பிரிண்டர் நிறுவனமான கேனான் சிப் இல்லாத டோனர் கேட்ரிட்ஜ்களை அனுப்பியது. பிரிண்டர் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டி அச்சிடும் வழியை ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்கு அதுவே சொல்லிக்கொடுத்தது. அச்சின் தரம் குறையாது, டோனர் அளவு காட்டுவதில்தான் பிசகு வரலாம் என்றது.

மை இல்லாமல் ஓடினால் சில பிரிண்டர்களின் தலை கெடும் என்பது உண்மை. ஆகவே எச்சரிக்கை வேண்டும். நிறுத்துவதா ஓட்டுவதா என்ற முடிவு மட்டும் காசு கொடுத்து வாங்கியவரிடம் இருக்க வேண்டும். மத்திய அரசு 2022-ல் பழுதுநீக்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது. பண்ணைக் கருவி, செல்போன், வாகனம் எல்லாம் அந்தப் பேச்சில் வந்தன. கேட்ரிட்ஜ் சிப்பும் வரவேண்டும். அதுவரை, புதுப் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் விலையை விசாரிக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: 'ரீஃபில் செய்தால் இது ஓடுமா?'